வாப்பாவுக்கு வயது கூட, மகனுக்கு வயது போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் கடை, கம்பனி, தனியார் பாடசாலை, டியூஷன் நிலையம் நடத்துபவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். நாற்பத்தைந்தைத் தாண்டி வேலை தேடித் திரிபவர்களும் வாசியுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சொல்வதற்கு எங்களிடம் விஷயம் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கங்களிலும் வட்ஸ்அப் குழுமங்களிலும் ‘ஆட்கள் தேவை’ என்ற விளம்பரம் வராத வாரம் இல்லை. புடைவைக் கடைக்கு ஆள் தேவை, வயது 18 முதல் 28 வரை. ஹாட்வெயார் கடைக்கு ஆள் தேவை, 30 வயதுக்கு உட்பட்டவர். களஞ்சியப் பொறுப்பாளர் தேவை, 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் தொடர்புகொள்ள வேண்டாம். வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அந்த விளம்பரத்தில் இருக்காது. வயது மட்டும் மறக்காமல் இருக்கும்.

நாங்கள் கலாசாலையில் பயிற்சி முடித்து வகுப்பறைக்கு வந்த, முப்பதுகளில் இருக்கும் ஆசிரியர்கள். அரச நியமனம் இருக்கிறது. இந்த வயதெல்லை இன்றைக்கு எங்கள் சோற்றில் கை வைக்காது. “பிறகு உங்களுக்கென்ன?” என்று கேட்பீர்கள். அதன் விளைவு எங்கள் வகுப்பறைக்குள் வந்து நிற்கிறது, அதுதான் காரணம்.

வருடா வருடம் நாங்கள் பார்ப்பது இது. பதினொன்றாம் தரத்தில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் நன்றாகச் செய்த பிள்ளை ஓ.எல் எழுதிய கையோடு காணாமல் போய்விடுகிறது. பெறுபேறு வந்த பிறகும் ஏ.எல் வகுப்புக்கு வருவதில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தால் உம்மா சொல்கிறார்: வாப்பா சவூதியிலிருந்து வந்து ஒன்றரை வருஷம், கொண்டு வந்த காசு மூத்த பிள்ளையின் கலியாணத்தோடு முடிந்தது, பஸார் முழுக்க ஏறி இறங்கிப் பார்த்தார், வயசு கூட என்று சொல்லிப்போட்டார்கள். மகன் எங்கே என்று கேட்டால் பஸாரில் ஒரு கடையில் நிற்கிறான். சில வேளை வாப்பாவைத் திருப்பி அனுப்பிய அதே கடையில் நிற்கிறான்.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நாற்பத்தெட்டு வயது வாப்பாவுக்கு வயது கூட. பதினாறு வயது மகனுக்கு வயது போதும். இந்த நாட்டில் 16 வயது வரைக்கும் கல்வி கட்டாயம். பிள்ளை அந்த எல்லையைத் தாண்டிய கையோடு அவனைக் கடைக்குள் எடுத்துக்கொள்கிறோம். வாப்பாவுக்குக் கொடுத்திருக்க வேண்டிய சம்பளத்தில் பாதியை மகனுக்குக் கொடுக்கிறோம். ஒரு குடும்பத்தில் உழைக்கத் தயாராக இருப்பவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, படிக்க வேண்டியவனை உழைக்க வைக்கிறோம். இதற்குப் பிறகு ‘எங்கள் சமூகத்தில் ஆண் பிள்ளைகள் படிக்கிறார்கள் இல்லை’ என்று பள்ளிவாசலில் கூட்டம் போடுகிறோம். அந்தக் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிட்டு, “சேர், நீங்கள்தான் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்” என்கிறீர்கள். பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இன்றைக்கு முதலாளிமாருக்குச் சொல்கிறோம்.

முதலாளிமாரோடு பேசினால் நான்கு காரணங்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, “வயசு போன ஆட்கள் சம்பளம் கூடக் கேட்பார்கள்.” நாலு காரணத்திலும் உண்மையானது இதுதான் என்று நினைக்கிறோம். ஆனால் அவர் எவ்வளவு கேட்பார் என்பதை அவரிடம் கேட்காமலே முடிவு செய்தது எப்படி? விளம்பரத்தில் சம்பளத்தைப் போடுங்கள். கட்டுப்படியானவர் வருவார், கட்டாதவர் வரமாட்டார். சம்பளத்தை மறைத்துவிட்டு வயதை எழுதுவதன் அர்த்தம், கேள்வி கேட்கத் தெரியாத வயதில் ஒருவர் வேண்டும் என்பதுதான். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் கட்ட வேண்டும் என்பது பதினெட்டு வயதுப் பையனுக்குத் தெரியாது. ஐம்பது வயது மனிதருக்குத் தெரியும். பயம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, “கம்பியூட்டர் தெரியாது, பில் மெஷின் அடிக்கத் தெரியாது.” கட்டாரில் பதினைந்து வருடம் களஞ்சியத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர் அங்கே என்ன, கொப்பியில் பேனையால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் என்றா நினைக்கிறீர்கள்? பார்கோட் ஸ்கேனரும் கணினிப் பதிவும் இல்லாமல் அங்கே ஒரு பெட்டிகூட நகராது. எங்கள் பஸாரில் பாதிக் கடைகளுக்கு அந்த முறை இன்னும் வந்து சேரவில்லை. அவரிடமிருந்து கடைதான் படிக்க வேண்டும். உள்ளூரிலேயே இருந்தவருக்கு நிஜமாகவே தெரியாது என்றால் ஒரு கிழமை சொல்லிக்கொடுங்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். அதுவரைக்கும் போனில் கதைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாத, ஐம்பதைத் தாண்டிய ஆசிரியைகள் சில கிழமைகளில் வட்ஸ்அப்பில் பாடம் பதிந்து அனுப்பினார்கள், பிள்ளைகள் எழுதி அனுப்பிய விடையை போனிலேயே திருத்தினார்கள், பிறகு சூமில் வகுப்பெடுத்தார்கள். அவர்களுக்கு யாரும் பெரிய பயிற்சிப் பட்டறை வைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மரியாதையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, “வருத்தம் வாதை என்று லீவு எடுப்பார்கள், வேகம் இல்லை.” மூட்டை தூக்கும் வேலைக்கு இந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. புடைவை விற்க, பில் போட, களஞ்சியம் பார்க்க, வாடிக்கையாளரோடு பேச என்ன ஓட்டப் போட்டியா வைக்கப் போகிறீர்கள்? இன்னொன்று. இந்தக் காலத்து இருபத்திரண்டு வயதுப் பையன் உங்கள் கடையில் எத்தனை மாதம் நிற்கிறான்? 2022 நெருக்கடிக்குப் பிறகு பாஸ்போட் எடுக்காத இளைஞனைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். விசா வரும் வரைக்கும்தான் அவன் உங்கள் ஆள். பழக்கி எடுத்து, சாமான் எங்கே இருக்கிறது என்று தெரிய வரும்போது, “நானா, வாற கிழமை ஃப்ளைட்” என்று வந்து நிற்பான். போக வேண்டிய இடமெல்லாம் போய்விட்டு வந்து, இனி ஊரில்தான் என்று இருக்கும் மனிதர் உங்கள் கடையில் பத்து வருடம் நிற்பார். கணக்குப் பார்க்கத் தெரிந்த முதலாளிக்கு இது விளங்க வேண்டும்.

நான்காவது, “சொல் கேட்க மாட்டார்கள், வயசில் குறைந்த மெனேஜருக்குக் கீழே வேலை செய்ய மாட்டார்கள்.” இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதைப் பிறகு அந்தப் பக்கத்தோடு பேசுகிறோம்.

சட்டம் பாதுகாக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வயது இல்லை. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. நல்ல சட்டம். ஆனால் அது வேலையில் இருப்பவரை வயதைக் காட்டி முன்கூட்டியே அனுப்புவதைத் தடுக்கிற சட்டம். வேலை கேட்டுக் கதவைத் தட்டும் நாற்பத்தெட்டு வயதுக்காரருக்கு அதில் பிடிமானம் இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் ஊரின் மனச்சாட்சியைத் தவிர வேறு காவல் இல்லை. அதனால்தான் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம்.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் நேர்மையாக நடந்தது என்று சொல்ல மாட்டோம். 2022 தொடக்கத்தில் அரச ஊழியர்கள் 65 வயது வரை வேலை செய்யலாம் என்றார்கள். அதே வருடம் முடிவதற்குள் 60 என்று மாற்றி, 60ஐத் தாண்டிய பெரும்பாலானவர்களை டிசம்பர் 31ஆம் திகதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜனவரியில் நாட்டுக்குத் தேவைப்பட்ட அறுபத்திரண்டு வயது ஆசிரியர் டிசம்பரில் எப்படிச் சுமையாகிப் போனார்? அவருடைய அறிவு அந்தப் பன்னிரண்டு மாதத்தில் வற்றிவிட்டதா? மாறியது சுற்றுநிருபமும் திறைசேரியின் கணக்கும்தான். ஒருவரின் தகுதிக்கும் இந்த எண்களுக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இந்த நோய் ஐம்பதில் தொடங்குவதும் இல்லை. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் கொட்டகை போட்டு இருந்தார்கள். நியமனம் வருவதற்குள் வயதெல்லை கடந்துவிடுமே என்ற பயமும் அவர்களோடு சேர்ந்து அங்கே உட்கார்ந்திருந்தது. முப்பத்தைந்து வயதில் ஒரு பட்டதாரி தனக்கு வயது போய்விட்டது என்று அழுகிற நாடு இது. ஆகவே இன்றைக்கு இருபத்தைந்தில் இருக்கும் தம்பி தங்கைகளே, இந்தப் பதிவை உங்கள் வாப்பாவைப் பற்றியது என்று மட்டும் வாசிக்காதீர்கள்.

எங்கள் துறைக்கே வருவோம். ஊரிலுள்ள சில தனியார் பாடசாலைகள் ஆசிரியர் தேவை என்று போடும்போதும் 35க்கு உட்பட்டவர் என்று போடுகின்றன. முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். பின்னப் பெருக்கத்தில் பிள்ளை எங்கே பிழை விடும் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அவரை விட்டுவிட்டு ஓ.எல் முடித்த பிள்ளையைக் குறைந்த சம்பளத்துக்கு வகுப்பறைக்குள் விடுகிறார்கள். ‘யங் ஸ்டாஃப்’ என்று பதாகையும் அடிக்கிறார்கள். பெற்றோர் அதைப் பார்த்துத் தவணைப் பணம் கட்டுகிறார்கள். கலாசாலையில் கற்பித்தல் முறைகளை நாங்கள் புத்தகத்தில் படித்தோம். அவை நிஜ வகுப்பில் எப்படி வேலை செய்யும் என்பதை மூத்த ஆசிரியர்களின் வகுப்பின் பின்வாங்கில் உட்கார்ந்துதான் படித்தோம். அவர்கள் இல்லாத பாடசாலையில் புதிதாக வரும் ஆசிரியர் யாரைப் பார்த்துப் படிப்பார்?

மார்க்கத்தைப் பேசும் ஊர் என்பதால் இதையும் சொல்கிறோம். எங்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு நபித்துவம் கிடைத்தது நாற்பது வயதில். நாற்பது வயதில் தொடங்கிய பணியைப் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, கடைக் கதவில் ‘35க்கு மேல் வேண்டாம்’ என்று ஒட்டுவதற்கு மனம் எப்படி வருகிறது?

இப்போது அடுத்த பக்கம். வேலை தேடும் மூத்தவர்களுக்கு, எங்கள் வாப்பாமார், மாமாமார், காக்காமாருக்கு மரியாதையோடு சில வார்த்தைகள். கோபிக்க வேண்டாம்.

மேலே நான்காவது காரணத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றோம். “நான் இந்த வேலையைத் தொடங்கும்போது நீ பிறக்கவும் இல்லை” என்ற பேச்சு வேலை இடத்தில் ஒரு நாளைக்கு நாலு தரம் வந்தால் எந்த முதலாளியும் சலித்துப்போவார். உஸாமா பின் ஸைத் ரழியல்லாஹு அன்ஹு அவர்களைச் சிறு வயதிலேயே படைத் தளபதியாக நபியவர்கள் நியமித்தார்கள். மூத்த ஸஹாபாக்கள் அவருக்குக் கீழே நின்றார்கள். அவர்களுடைய மதிப்பு அதனால் குறைந்துவிட்டதா? வயதில் குறைந்தவர் மெனேஜராக இருந்தால் வேலை இடத்தில் அவர் மெனேஜர்தான். தெருவுக்கு வந்த பிறகு அவர் உங்களுக்குத் தம்பி.

இரண்டாவது, கையில் காகிதம் வேண்டும். இருபது வருடம் வெளிநாட்டில் வயரிங் செய்தவரிடம் ஒரு துண்டுச் சான்றிதழ் இருக்காது. கேட்டால் கையைக் காட்டுவார். அந்தக் கையின் மதிப்பு தெரிந்தவருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்குக் காகிதம் காட்ட வேண்டும். எங்கள் நாட்டில் என்.வி.கியூ எனும் தேசிய தொழில் தகைமை முறை இருக்கிறது. ஏழு மட்டங்கள் கொண்டது. ஏற்கனவே தொழில் தெரிந்தவர் திரும்ப வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. ஆர்.பி.எல் என்ற வழியால் விண்ணப்பித்து, செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். நைட்டா அலுவலகத்தில் கேளுங்கள், விபரம் சொல்வார்கள். மின்னிணைப்பு, குழாய் வேலை, மேசன், தச்சு, வெல்டிங், ஏசி திருத்தம், சமையல் என்று எங்கள் ஆட்களின் கையில் இருக்கும் தொழில்கள் பலதுக்கும் இந்த வழி இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வரும்போது கம்பனியிடம் சேவைக் கடிதத்தை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். சொக்லட் பெட்டியைவிட அது பெறுமதி.

மூன்றாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் படியுங்கள். போனில் ஒரு படிவத்தை நிரப்ப, மின்னஞ்சல் அனுப்ப, எக்ஸலில் ஒரு இருப்புக் கணக்குப் போட ஒரு மாதம் போதும். உங்கள் வீட்டிலேயே தகவல் தொழினுட்பம் பாடமாகப் படிக்கும் பிள்ளை இருக்கிறது. மகளிடம் படிப்பதில் வெட்கம் இல்லை. மகள் அதைத் தன் தோழிகளிடம் பெருமையாகச் சொல்வாள், நாங்கள் வகுப்பில் கேட்டிருக்கிறோம்.

நான்காவது, ‘55க்குப் பிறகு வேலை இல்லை’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். சேமலாப நிதியை ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் எடுக்கலாம் என்பது காசை எடுக்கும் வயது. உழைப்பை நிறுத்தும் வயது என்று எங்கேயும் எழுதவில்லை. மருதமுனையில் தறியில் இருந்து பழகிய கைகளிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். நூலைத் தொட்டதுமே அதன் தரத்தைச் சொல்கிற பழக்கம் இருபது வயதில் யாருக்கும் வந்ததில்லை.

இனி ஊர் செய்ய வேண்டியது. பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஸகாத் குழுக்களும் யோசிக்க வேண்டும். வேலையில்லாத ஐம்பது வயது மனிதருக்கு றமழானில் உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம். அவர் அதைத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்த வருடமும் அவர் அதே வரிசையில்தான் நிற்பார். அவருடைய மதிப்பீட்டுக் கட்டணத்தைக் கட்டுங்கள், சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்துக் கொடுங்கள், தொழில் உபகரணம் வாங்கிக் கொடுங்கள். அவர் வரிசையிலிருந்து வெளியே வரட்டும்.

பாடசாலைகளில் கணினி அறைகள் பின்னேரம் பூட்டிக் கிடக்கின்றன. அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் வலயத்தில் அனுமதி எடுத்தால், கிழமைக்கு இரண்டு நாள் மஃரிபுக்கு முன் ஒரு மணித்தியாலம் பெற்றோருக்குப் படிப்பிக்கலாம். படிப்பிக்க நாங்கள் தயார். சம்பளம் வேண்டாம்.

வர்த்தக சங்கங்கள் ஒன்றே ஒன்று செய்தால் போதும். அங்கத்தவர்களின் விளம்பரங்களில் வயதை எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். வயதுக்குப் பதிலாக வேலையை எழுதுங்கள்: இத்தனை கிலோ தூக்க வேண்டும், இத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், பில் போடத் தெரிய வேண்டும், சம்பளம் இவ்வளவு. வருபவரை ஒரு நாள் கடையில் நிறுத்திப் பாருங்கள். ஏலாதவர் தானே போய்விடுவார். ஏலுமானவர் எழுபத்திரண்டில் பிறந்தாரா, இரண்டாயிரத்து இரண்டில் பிறந்தாரா என்பது உங்களுக்கு எதற்கு?

2012 குடிசன மதிப்பீட்டிலேயே இந்த நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 வீதம். அதற்குப் பிறகு அந்தப் பங்கு கூடிக்கொண்டுதான் போகிறது. பிறப்பு குறைகிறது, இளைஞர்கள் விமானம் ஏறுகிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் முப்பதுக்கு உட்பட்ட ஆளைத் தேடி நீங்கள் லவுட்ஸ்பீக்கர் கட்டினாலும் கிடைக்க மாட்டார்கள். அன்றைக்கு மூத்தவர்களைக் கெஞ்சிக் கூப்பிடுவதைவிட இன்றைக்கு மரியாதையாகக் கூப்பிடுவது நல்லது.

“ஆசிரியர்கள் படிப்பித்தலோடு நிற்க வேண்டும், வியாபாரத்தில் தலையிடக் கூடாது” என்று பின்னூட்டம் வரும் என்று தெரியும். நாங்கள் படிப்பிப்பதற்குப் பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும். பிள்ளை வகுப்பில் இருப்பதற்கு வீட்டில் ஒருவருக்கு வேலை இருக்க வேண்டும். அந்த ஒருவர் வாப்பாவாக இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

அடுத்த மாதம் உங்கள் கடைக்கு ஆள் எடுக்கும்போது அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டு விளம்பரத்தைப் போடுங்கள். போட்டதும் எங்களுக்கு அனுப்புங்கள். எங்கள் பக்கத்தில் இலவசமாகப் பகிர்வோம், பெற்றோர் கூட்டத்திலும் வாசித்துச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.